வலது பக்கம் குட்டிக்கு

ஒட்டகக்குட்டி செவலையை வேனில் ஏற்றிக்கொண்டு போன நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஈத்தாவிளைக்கு மேற்கே அறுபது வருஷமாகப் படுத்துக் கிடந்த தேரிமேடு எழுந்து, முதுகை ஒரு உதறு உதறி, மேலே முளைத்திருந்த நாலு கொல்லாமரத்தையும் பதனமாக ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, குட்டியைப் பறிகொடுத்த ஒட்டகத்தைத் தேடி ஊருக்குள் நடந்து வந்தது. பார்த்த பெண்கள் எல்லாரும் முதலில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இப்பத்தான வாசலப் பெருக்குனேன்!"

தேரி நடப்பது எங்களுக்குப் புதிதல்ல. இந்தச் செம்மணல் ஆடிக் காற்றில் நடக்கும், ஆவணியில் நிற்கும், ஒரு வீட்டின் பின்கதவை மூடிவிட்டு இன்னொரு வீட்டின் கிணற்றைத் திறந்து காட்டும். ஆனால் அதெல்லாம் காற்று தள்ளி நடப்பது. அன்றைக்கு ஒரு பனையோலைகூட அசையவில்லை. மேடு தன் விருப்பத்தில் வந்தது. ஏன் வந்தது என்று சொல்லவேண்டுமானால் ஒட்டகம் வந்த கதையைச் சொல்லவேண்டும், அதைச் சொன்னால் எனக்கு வயிறு எரியும், எரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் கிணறுகளில் உப்பு ஏறிய வருஷம் மாடுகள் ஒவ்வொன்றாக வற்றின. கொல்லாமரம் முந்திரி காய்ப்பதை மறந்தது. ஆம்பிளைகள் ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட்டுக்கொண்டிருந்த வடநாட்டு மனுஷன் ஒருவர், முழங்கால் ரெண்டும் தேய்ந்துபோய் ஊருக்குத் திரும்புமுன் தன் மூன்று பெட்டை ஒட்டகங்களையும் குட்டிகளோடு எங்கள் மகளிர் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாடு முகர்ந்துகூடப் பார்க்காத உடைமுள்ளை அவை முறுக்குத் தின்பதுபோலத் தின்றன. உப்புத் தண்ணீரை உப்பு என்று முகம் சுளிக்காமல் குடித்தன. அந்த மனுஷனுக்குத் தமிழ் வராது. கையாலேயே மூன்று காரியம் கற்றுக்கொடுத்தார். ஒற்றைக்காலில் நின்று, மடக்கிய முழங்கால்மேல் சட்டியை வைத்துக் கறக்கவேண்டும். குட்டி பக்கத்தில் இல்லாமல் மடியில் கை வைக்கக்கூடாது. மூன்றாவதாக, மடியின் வலது பக்கத்து ரெண்டு காம்பையும் காட்டிக் குட்டியின் வாயைத் தொட்டார், இடது பக்கத்து ரெண்டையும் காட்டி எங்கள் வாயைக் காட்டினார். வலது பக்கம் குட்டிக்கு, இடது பக்கம் வீட்டுக்கு. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கயிற்றை எங்கள் கையில் கொடுத்தார்.

முதல் வருஷம் நாங்கள் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டகப் பாலில் உறை ஊற்றினோம், தயிர் ஆகவில்லை. உறைமோர் சரியில்லை என்று நான் பக்கத்து வீட்டு எப்சிபாவைச் சொன்னேன், சட்டி கழுவத் தெரியவில்லை என்று எப்சிபா என்னைச் சொன்னாள், ரெண்டு மாதம் பேச்சில்லை. கடைசியில் ஊரே சேர்ந்து, தயிர் உறையவேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உபவாசமிருந்து ஜெபித்தோம். ஒட்டகப் பால் மாட்டுப்பால்போல உறையாது என்று சாயங்காலம் பால் கம்பெனிக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. உபதேசியார் அருமைநாயகம் வெட்கப்பட்டுக்கொண்டே, "கேட்ட ஜெபம் வீண்போகாது, வேற எதுக்காவது உதவும்" என்றார்.

அந்தக் கம்பெனி அப்படித்தான் ஊருக்குள் வந்தது. நகரத்தில் இந்தப் பாலுக்கு ஆள் காத்திருக்கிறது என்றார்கள். வெள்ளை வேன் காலையில் வரும், இடது பக்கத்துப் பாலை அளந்து எடுத்துக்கொண்டு போகும். மூன்று ஒட்டகம் ஒன்பது வருஷத்தில் பதினொன்று ஆனது. மூட்டை கட்டிய ஆம்பிளைகள் மூட்டையை அவிழ்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தோம், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அதில் நல்ல கறவை பாக்கியலீலாவின் ஒட்டகம். யார் வந்தாலும் தலையைத் தூக்கி, கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதையோ மென்றுகொண்டே நிற்பதால், அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல, அதற்கு மயினி என்று பெயர் வைத்திருந்தோம். மயினியின் குட்டிதான் செவலை. தேரி நிறத்தில் பிறந்தது, தேரியில் படுத்தால் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. லீலாவின் மூத்தவள் நர்சிங் படிக்கிறாள், இளையவள் பன்னிரண்டாவது. அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் புத்தகம் வாங்குவதும் மயினியின் இடது மடியால்.

போன தை மாதம் கம்பெனிக்குப் புது மேற்பார்வையாளர் வந்தார், திவாகர் என்று பெயர். இஸ்திரி மடிப்புக் கலையாத பிள்ளை. லீலா கறப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நாலு காம்பு இருக்கு, ரெண்டுதான் கறக்கீங்க. மிச்சம்?"

"அது குட்டிக்கு சார்."

"குட்டிக்குப் பவுடர் பால் கரைச்சுக் கொடுக்கலாமே."

பக்கத்தில் நின்ற எப்சிபாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஒங்க அம்மை ஒங்களுக்கு அப்பிடித்தான் குடுத்தாவளா சார்?"

"ஆமாக்கா, பவுடர் பால்தான். நல்லாத்தானே இருக்கேன்?"

எப்சிபா அவரை உச்சி முதல் ஷூ வரைக்கும் ஒருதரம் பார்த்தாள். பிறகு பதிலை ஆண்டவரிடம் விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் திவாகர் காகிதங்களோடு வந்தார். லீலா மயினியை மேய்க்க உடைமுள் அடர்ந்த உடங்காட்டுக்குப் போயிருந்தாள், வீட்டில் இருந்தது அவள் மாப்பிள்ளை சாமுவேல்துரை. தடுப்பூசிக்கு என்று சொல்லி மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஊரில் பெயர் வாங்கிய மனுஷன், மூன்று இடத்திலும் கீழே கோடு இழுத்துப் புள்ளி வைத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது காகிதத்தில், குட்டி பண்ணைக்குத் தேவைக்கு அதிகம், ஆகையால் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. தேவைக்கு அதிகம்! நான் மூன்று பிள்ளை பெற்றவள். மூன்றில் எது தேவைக்கு அதிகம் என்று யாராவது காகிதம் கொண்டுவந்து கேட்டிருந்தால் அவர் காகிதத்தோடு திரும்பிப் போயிருக்க மாட்டார்.

புதன்கிழமை காலையில் வேன் வந்து செவலையை ஏற்றிக்கொண்டு போனது. லீலா வேனுக்குப் பின்னால் ஓடினாள், மயினி லீலாவுக்குப் பின்னால் ஓடியது, சாமுவேல்துரை, "தடுப்பூசிக்குன்னுதான சொன்னாவ, தடுப்பூசிக்குன்னுதான சொன்னாவ" என்று எல்லாருக்கும் பின்னால் ஓடினார்.

அன்றிலிருந்து மயினி பாலை மேலே ஏற்றிக்கொண்டது. மடி கல்லாகக் கனத்து நின்றது, ஒரு சொட்டு இறங்கவில்லை. ரோட்டைப் பார்த்து நின்றது, தின்னவில்லை, மெல்லவில்லை. அதன் வாய் சும்மா இருந்து நாங்கள் பார்த்ததே அப்போதுதான். பத்து நாளைக்குப் பால் இறங்காவிட்டால், அடுத்த குட்டி பிறக்கிறவரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு அந்த மடி திறக்காது. லீலா சாப்பிடாமல் மயினியின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கோவிலில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, மயினிக்கு ஒரு குட்டியை அனுப்பும்" என்று கேட்டோம். எந்தக் குட்டி என்று குறித்துச் சொல்லத் தோன்றவில்லை.

நாலாம் நாள் மேடு வந்தது.

வந்து லீலா வீட்டு வாசலில் நின்று, கொஞ்ச நேரம் கூச்சப்பட்டு, பிறகு முன்னங்காலை மடக்குவதுபோல ஒரு பக்கம் சரிந்து, பின்னங்காலை மடக்குவதுபோல மறுபக்கம் சரிந்து, கழுத்து என்று ஒன்றை நீட்டி, மூக்கு என்று ஒன்றைக் கூராக்கி, மயினியின் வலது பக்கத்துக்குள் நுழைத்தது. மயினி முகர்ந்து பார்த்தது. நக்கிப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டு மடியை இறக்கியது. மணல் பால் குடிக்கும் சத்தம், முதல் மழை தரையில் இறங்கும் சத்தம்போல இருந்தது. லீலா சட்டியை எடுத்துக்கொண்டு ஓடி இடது பக்கம் ஒற்றைக்காலில் நின்றாள். நுரை விளிம்பைத் தாண்டி எழும்பியது.

ஆராதனை அன்றைக்குத் தாமதமாகத்தான் தொடங்கியது. மேட்டை என்ன செய்வது என்று உபதேசியாரிடம் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டு, "பசிச்சு வந்து குடிக்கத எழுப்பி விரட்ட நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா? ஆனா கோவிலுக்குள்ள வரக்கூடாது, கம்பளம் வீணாப் போவும்" என்று தீர்ப்புச் சொன்னார். மேடு அதைக் கேட்டு நடந்துகொண்டது. கோவில் நடையோடு நின்றுவிடும்.

ஊருக்குள் ஒரு மேட்டை வைத்துக் குடும்பம் நடத்துவது லேசில்லை. சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளைகளின் காதில் மணல். எப்சிபா தினம் மூன்றுதரம் வைதாள், வைதுகொண்டே உச்சி வெயிலில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் தெளித்தாள். மயினி உடங்காட்டுக்கு மேயப் போனால் மேடும் பின்னாலேயே போகும், மேடு நடந்த இடத்தைப் பால்வாடி ஆயா பெருக்கிக்கொண்டே போவாள். தபால்காரர் சைக்கிள் மணியை அடித்தால் ஒதுங்கி வழி விடும். மற்ற ஒட்டகங்களின் குட்டிகள் அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடின. "இதுக்கு ரேஷன் கார்டுல பேரு சேக்கணுமா அண்ணாச்சி?" என்று சாமுவேல்துரையை ஊர் கேலி செய்தது. அவர், "எந்தக் காயிதத்துலயும் இனிமே நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

மேடு எழுந்து வந்த இடம்தான் ஆச்சரியம். அறுபது வருஷத்துக்கு முன் தேரி விழுங்கிய எட்டுக் குடும்பத்து நிலம் அங்கே அப்படியே கிடந்தது. வரப்பு கலையாமல், கிணற்றுச் சுவர் இடியாமல், ஒரு ஆட்டுக்கல்லும் இருந்தது. அந்த ஆட்டுக்கல் யாருடையது என்று ரெண்டு வீட்டுக்குச் சண்டை வந்தது, மாவரைத்துப் பார்த்துப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். கிணற்றில் வாயில் வைக்கிற தண்ணீர் இருந்தது. தட்டைப்பயறு விதைத்தோம். மூன்றாம் நாள் முளை கிழித்தது.

அப்போதுதான் திவாகர் வந்தார். மயினியின் வலது பக்கத்தில் மேடு குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்தது.

"என்னக்கா இது? குட்டியத்தான் எடுத்தாச்சே! மணலுக்கு எதுக்குப் பால்? மணல் என்ன வளரவா போகுது?"

லீலா அதிர்ந்து பேசாதவள். அன்றைக்குப் பேசினாள். "வளந்து என்ன செய்யப் போவுதுன்னு கேட்டுட்டா சார் பெத்தவ பால் குடுக்கா?"

அவர் காதில் அது ஏறவில்லை. மறுநாள் கறவை மெஷினோடு ரெண்டு ஆட்களைக் கூட்டிவந்தார். மேட்டைப் பலகை வைத்துத் தள்ளி நிறுத்திக்கொண்டு, நாலு காம்பிலும் குழாயை மாட்டினார்கள். மேடு பலகைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதது. பனங்காட்டுக்குள் காற்று நுழைந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். பிள்ளை பசியில் அழ, பாலை இன்னொருத்தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள் எங்களை. நின்றோம். மயினியின் பால் முழுக்கக் கம்பெனிக்கு என்று சாமுவேல்துரை கோடு இழுத்துப் புள்ளி வைத்த இன்னொரு காகிதம் அவர்கள் கையில் இருந்தது. நாங்கள் அன்றைக்கு ஜெபிக்கவில்லை. ஜெபிக்க வாய் திறந்தால் வேறு வார்த்தை வந்துவிடும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஆண்டவர் அதையே ஜெபமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தப் பால் நகரத்தில் எந்த வீட்டில் காய்ச்சப்பட்டதோ, அந்த வீட்டுப் பாத்திரத்தின் அடியில் எல்லாம் ஒரு கைப்பிடி செம்மணல் தங்கியது. வடிகட்டினால் வடிகட்டிக்குக் கீழே தங்கியது. வலது பக்கத்துப் பாலில் மட்டும். இடது பக்கத்தது பழையபடி தெளிவாகத்தான் இருந்தது.

கம்பெனிக்கு உடனே புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. நாங்கள் மணலைக் கலந்து அளவைக் கூட்டுகிறோம் என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். சல்லடையோடு சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். பதினொரு வீட்டுப் பெண்களையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்கள். பேரப்பிள்ளை எடுத்த பொம்பிளைகளை, முந்தானையை உதறிக் காட்டு என்றார்கள். உதறினோம். மணல் விழத்தான் செய்தது. தேரியில் பிறந்து தேரியில் வாழ்கிறவள் முந்தானையில் மணல் இல்லாமல் மல்லிகைப்பூவா விழும்? எங்கள் தலையில் மணல் உண்டு, கட்டிலில் உண்டு, கல்யாணச் சோற்றில் உண்டு. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் பாலில் இருந்ததில்லை.

"பத்து நாள் டைம். மணல் நிக்கலைன்னா ஒட்டகம் எல்லாத்தையும் கம்பெனி எடுத்துக்கும்" என்றார் திவாகர்.

அன்றைக்கு மத்தியானம் என் மகன் ஆல்வின் நகரத்திலிருந்து எனக்குப் போனில் ஒரு படம் அனுப்பினான். "அம்மா, இது நம்ம ஊர்க் குட்டி மாதிரி இருக்கே" என்று கேட்டிருந்தான். கம்பெனியின் பெரிய கடை. வாசலில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், கழுத்தில் ரோஸ் ரிப்பன் கட்டி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, செவலையை நிறுத்தியிருந்தார்கள். 'எங்கள் செல்லத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பலகை. வாடிக்கையாளர்கள் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். அதன் விலா எலும்பை எண்ணலாம்.

போனை லீலாவிடம் கொடுத்தேன். லீலா அழவில்லை. போனைக் கொண்டுபோய், வேனில் ஏறப்போன திவாகரின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"தேவைக்கு அதிகமான குட்டி இதுதானா சார்?"

திவாகர் படத்தைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "அது மேனேஜ்மெண்ட் முடிவுக்கா. என் கையில இல்ல."

"சரி சார். நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம். மெஷின மாட்டுங்க. நாலையும் கறந்துக்கிடுங்க. ஒரு சொட்டு விடாமக் கறந்து கொண்டுபோங்க."

கறந்து கொண்டுபோனார்கள். அந்த வாரம் மணல் பாத்திரத்தோடு நிற்கவில்லை. கடையின் குளிர்பெட்டிகள் திறந்தால் மணல் சரிந்தது. மேனேஜரின் காப்பியில் ஸ்பூன் செங்குத்தாக நின்றது. கண்ணாடிக் கதவு மணலில் இறுகித் திறக்க மறுத்தது, சிரித்துப் படம் எடுத்தவர்களின் போனுக்குள்ளிருந்து மணல் கொட்டியது. எட்டாம் நாள் செவலையை வேனில் ஏற்றி ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தோற்றுப்போனோம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. "ட்ரையல்தான். தாய் சேத்துக்கலைன்னா ரெண்டு நாள்ல குட்டியையும் தாயையும் சேத்து எடுத்துட்டுப் போவோம்" என்றார் திவாகர்.

ஊரே கூடி நின்றது. செவலை தள்ளாடி இறங்கி, தாயிடம் போய், வலது பக்கத்தில் மூக்கை நுழைத்தது. மயினி முகர்ந்து பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி, விலகிப் போனது. மறுபடி கிட்டே போனால் காறித் துப்பியது. செவலை மேல் வாசனை சோப்பு, சென்ட்டு, ஆயிரம் பேர் கை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் கழுவி அனுப்பியிருந்தார்கள். லீலா அதன் ரிப்பனை அவிழ்த்து எறிந்தாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், தன் புடவையால் துடைத்தாள். மயினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திவாகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது மேடு எழுந்தது.

மயினியின் வலது பக்கத்திலிருந்து, தான் குடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து, தானாக எழுந்து வந்து, செவலையைக் கீழே படுக்கவைத்து, அதன்மேல் படர்ந்து, காதுக்குள், கண்ணிமைக்குள், கால் இடுக்குக்குள் நுழைந்து, புரட்டிப் புரட்டி எடுத்தது. கொஞ்ச நேரம் மணல் எது குட்டி எது என்று தெரியவில்லை. பிறகு மேடு மெதுவாக விலகியது. செவலை எழுந்து நின்று தும்மியது. பிறந்த அன்றைக்கு இருந்த நிறத்தில் இருந்தது.

மயினி கழுத்தை நீட்டி முகர்ந்தது. நெற்றியில் ஒருதரம் நக்கியது. ஒரு பெருமூச்சு. மடி இறங்கியது. லீலா சட்டிக்கு ஓடினாள். சாமுவேல்துரை தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எப்சிபா, "கஞ்சத்தனமில்லாம விட்டுக் குடுத்துட்டுதே இந்தச் சனியன்!" என்று மேட்டைப் பார்த்து விம்மினாள்.

மேடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்துவிட்டுத் தாய் கையில் கொடுத்த சித்தி, வாசற்படியில் ஒரு நொடி நிற்பாளே, அப்படி நின்றது. பிறகு நடந்தது. பழைய இடத்துக்குத்தான் போகும் என்று பயந்து பின்னாலேயே ஓடினோம், அங்கே தட்டைப்பயறு ரெண்டு இலை விட்டிருந்தது. மேடு வரப்போரமாக வந்து, ஒரு முளையையும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், ஊர் எல்லையில் கம்பெனி வேன் வருகிற தார் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது.

இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறது. தபால் சைக்கிளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் எழுந்து வழி விடும். வேனுக்கு விடாது. தினமும் காலையில் வேன் அந்தப் பக்கம் நிற்க, திவாகர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பால் கேனைத் தோளில் வைத்து, மேட்டின்மேல் ஏறி இறங்கி வருகிறார். பதினொரு வீட்டிலும் இடது பக்கத்துப் பாலை வாங்கிக்கொண்டு, ஏறி இறங்கிப் போகிறார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் குறைந்திருக்கிறது. காகிதம் எழுதினவர்கள் மேல் குறையவில்லை. குறையவேண்டும் என்று ஜெபிக்கவும் இல்லை.

போன வாரம் அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "லீலாக்கா, செவலைதான் உடைமுள் கடிக்க ஆரம்பிச்சுட்டானே. இனிமேலாவது வலது பக்கம்..." என்று இழுத்தார்.

லீலா ஒற்றைக்காலில் நின்று கறந்துகொண்டிருந்தாள். நுரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கிய சார்? அங்கன கேட்டுக்கிடுங்க."

திவாகர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். வேனுக்கு முன்னால் படுத்திருந்த மேடு, இப்போது திரும்பிப் போகிற வழியை அடைத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் படுத்திருந்தது.